கதையிலிருந்து புத்தகத்துக்கு

எழுத்து தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு வயதிலேயே மடியில் உட்காரவைத்துப் படப் புத்தகத்தை விரியுங்கள். பக்கத்தைக் குழந்தையே புரட்டட்டும். ஓரம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

கதையை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். வடையைக் கவ்விய காக்காவை நரி பாடச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, "இப்ப காக்கா என்ன செய்யும், சொல்லு?" என்று கேளுங்கள். "வடையை நரிக்குப் பாதி குடுக்கும்" என்று பதில் வந்தால் திருத்த வேண்டாம்; அந்த வழியிலேயே கதையைக் கொண்டுபோங்கள். மறுநாள் அதைப் பெரிய எழுத்தில் நான்கு வரியாக எழுதி, குழந்தையையே படம் வரையச் சொல்லி, தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுங்கள். இதைவிட நல்ல முதல் புத்தகம் கடையில் கிடைக்காது என்றே சொல்வேன்.

அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். வரிகள் மனப்பாடமானதும் சொற்களுக்குக் கீழே விரலை ஓட்டியபடி படியுங்கள். காதில் விழுவதுதான் தாளிலும் இருக்கிறது என்பது தானாகப் பிடிபடும்.

புதுக் கதைகளுக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் தொடங்குங்கள்.