பந்து உருள்கிறதா, சறுக்குகிறதா?



சி.என்.சி. எந்திரத்தின் மேசையை நகர்த்தும் பால் ஸ்க்ரூவில், திருகுத் தண்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே எஃகுப் பந்துகள் நிரம்பியிருக்கும். தண்டு சுழலச் சுழல அவை பள்ளத்தில் உருண்டு சென்று, திரும்புகுழாய் வழியே புறப்பட்ட இடத்திற்கே மீளும். இதனால் கொடுத்த ஆற்றலில் ஏறத்தாழ 90 விழுக்காடு பயன்படுகிறது. ஆனால் மரை சாய்ந்து சுருளாகச் செல்வதால், பந்து தண்டைத் தொடும் புள்ளியும் நட்டைத் தொடும் புள்ளியும் நேர் எதிரெதிராக அமைவதில்லை. எனவே சிறிதளவு சறுக்கல் எப்போதும் உண்டு. அது மிகுந்தால் வெப்பமும் தேய்மானமும் மிகும்.

இந்தச் சறுக்கலை அளக்க, பந்துகளின் மையங்கள் 40 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் செல்வதாகவும், பந்தின் விட்டம் 6.35 மி.மீ. எனவும், தொடுகோணம், அதாவது பந்தின் மீது விசை சாய்ந்து விழும் கோணம், 45 பாகை எனவும் கொள்ளலாம். சுருளின் சாய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தண்டு நிமிடத்திற்கு 1000 முறை சுழலும்போது பந்து தண்டைச் சுற்றி 444 முறை வரவேண்டும். நட்டில் 90 பாகை இடைவெளியில் இரு சிறு துளைகள் இட்டு, ஒளியிழை பொருத்தி, பந்துகளுள் ஒன்றைக் கருமையாக்கிவிட்டால், அது ஒரு துளையிலிருந்து மற்றதைக் கடக்க 33.8 மில்லிநொடி ஆகும். ஒரு விழுக்காட்டுச் சறுக்கல் அந்த நேரத்தில் மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்கையே கூட்டும். காலக்கருவி அதைவிட நுட்பமாக இருந்தாக வேண்டும்.

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். சுமை மாறித் தொடுகோணம் 40 பாகையானால், சறுக்கல் சற்றும் இல்லாமலே அந்த 444 என்பது 439 ஆகக் குறையும். அளப்பவர் அதைச் சறுக்கல் என்றே எழுதிவிடுவார். ஆகவே பந்து தன்னைத்தானே சுற்றும் தற்சுழற்சியையும் அளக்க வேண்டும். காந்தமூட்டிய ஒரு பந்தை மற்றவற்றுடன் சேர்த்து, அருகே ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கம்பிச்சுருள்களை வைத்தால், காந்த முனைகள் திரும்பும் வேகமும் அச்சின் சாய்வும் மின்குறிகளாகக் கிடைக்கும். நட்டின் எஃகு காந்தப்புலத்தை மறைக்கும் என்பதால் அதில் சாளரம் வெட்ட வேண்டியிருக்கும். அந்த வெட்டு பந்தின் பாதையைக் குலைக்காமல் பார்த்துக்கொள்வதே இச்சோதனையின் கடினமான பகுதி.

தொடுகோணம் மட்டும் மாறினால் தற்சுழற்சி நிமிடத்திற்கு 3110-இலிருந்து 3103 வரையே இறங்கும். தண்டின் பக்கம் ஒரு விழுக்காடு சறுக்கினாலோ, சுற்று வேகமும் தற்சுழற்சியும் ஒரே விகிதத்தில் வீழ்ந்து 439, 3079 என நிற்கும். எனவே சுற்று வேகத்தை மட்டும் கொண்டு சறுக்கலைக் கூறும் அறிக்கை எதுவாயினும், தற்சுழற்சியின் அளவைக் கேட்டுப் பெறாமல் அதை ஏற்க வேண்டாம்.