முத்துகளின் பயணம்

குளிர்ந்த பால்தேநீர், கோப்பையின் அடியில் கருமுத்துகள் போன்ற மென்மையான உருண்டைகள், அவற்றை உறிஞ்சப் பருமனான குழல். மும்பைக் கடைகளில் ‘பபிள் டீ’ என விற்கப்படும் இப்பானம் 1980களில் தைவானில் தோன்றியது. சீன மொழியில் இதற்கு ‘முத்துப் பால்தேநீர்’ என்று பெயர்.

இதனை முதலில் படைத்தவர் யார்? தைச்சுங் நகரின் சுன் சுயி தாங், தைனான் நகரின் ஹன்லின் ஆகிய இரு தேநீரகங்களும் அப்பெருமைக்கு உரிமை கொண்டாடின. வழக்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது. இப்பானத்திற்குக் காப்புரிமை இல்லை. எவரும் இதனைச் செய்யலாம். ஆகவே முதல்வர் யார் என ஆராயத் தேவையில்லை என்று 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம் முடிவு கூறியது.

அம்முத்துகளின் கதையோ இவ்வழக்கினும் பழையது. அவை மரவள்ளிக்கிழங்கு மாவால் ஆனவை. தென் அமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, கடல் கடந்து ஆசியாவிற்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். பின்னர் அது சேலத்திலும் வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டில், சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் துணையுடன் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். கிழங்கைத் தோலுரித்து அரைப்பர்; அதன் பாலைத் தொட்டிகளில் தெளியவைப்பர்; அடியில் படிந்த மாவைக் குலுக்கி உருண்டைகளாக்குவர்; பின்பு வறுத்து வெயிலில் உலர்த்துவர். சேலம் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இன்று அதற்கு மகாராட்டிரம் பெரிய சந்தையாகும். தாராவியின் மளிகைக் கடைகளில் தமிழர் ‘ஜவ்வரிசி’ என்றும், மராட்டியர் ‘சாபுதானா’ என்றும் கேட்பது ஒரே பொருளையே. தமிழர் அதனைப் பாயசமும் வடகமும் ஆக்குவர். மராட்டியர் ஏகாதசி நோன்பிற்குக் கிச்சடி ஆக்குவர். அதே கிழங்கு மாவில் பெரிய உருண்டைகள் செய்து, தைவான் மக்கள் தேநீரில் இட்டனர். கிழங்கு ஒன்றே; சென்ற இடந்தோறும் அது புதுச்சுவை பெற்றது.

அருஞ்சொற்பொருள்

காப்புரிமை – புதிய படைப்பிற்கு அரசு வழங்கும் தனியுரிமை
சாகுபடி – பயிர்செய்தல்
புவிசார் குறியீடு – ஒரு பொருள் இன்ன வட்டாரத்திற்கு உரியது என்னும் சட்டச் சான்று

பயிற்சி

1. நீதிமன்றம் 2019ஆம் ஆண்டில் கூறிய முடிவு யாது?
2. ஜவ்வரிசி செய்யும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. பிரித்து எழுதுக: இப்பானம், அம்முத்துகள், இடந்தோறும்.
4. முத்துத் தேநீருக்குக் காப்புரிமை இல்லை. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவ்விரண்டில் எது நியாயம் என உமக்குத் தோன்றுகிறது? காரணம் கூறுக.
5. உம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் ஜவ்வரிசியால் செய்யும் உணவுகளைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.