துறைமுகத் தொழிலுக்கேற்ற மடிக்கணினி

சென்னைத் துறைமுகம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரையில் தொழில் புரிவோர் கையில் இந்நாளில் கணினி இன்றியமையாததாயிற்று. கண்டெய்னர்களை எண்ணிக் குறிப்போரும், எஞ்சின்களைச் சோதிப்போரும் அதனைத் திறந்த வெளியிலேயே கையாளுகின்றனர். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் உப்புக்காற்று ஓயாது வீசும். எண்ணூர்த் துறைமுகமோ அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கும்பொருட்டு 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஆங்கு உப்போடு கரித்தூளும் கலந்து பறக்கும்.

இத்தகைய இடங்களுக்கென விற்கப்படுவதே ரக்கட் லாப்டாப் என்னும் உறுதிவாய்ந்த மடிக்கணினி. அதன் விவரக் குறிப்பில் ‘ஐ.பி. 65’ என்றிருப்பின், தூசி சிறிதும் உட்புகாது என்பதை 6 என்னும் எண்ணும், பீச்சும் நீரைத் தாங்கும் என்பதை 5 என்னும் எண்ணும் உணர்த்தும். உறையைப்பற்றி இவ்வளவு ஆராய்வோரும், உள்ளிருந்து வேலை செய்யும் பிராஸஸரைப்பற்றி, “மிக விரைவானது எது?” என்று மட்டுமே வினவுகின்றனர். விலை அதிகமாதலின், கடன்பட்டு வாங்கும் சிறு காண்டிராக்டர்க்கு இத்தேர்வு எளிய காரியமன்று.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அம்முறையே நாமும் ஆராய்வோம்.

முதலாவது வலி. பிராஸஸரின் தன்மையை அதற்கு வகுத்துள்ள அடிப்படை மின் அளவால் ஒருவாறு அறியலாம். இன்டெல் கம்பெனியாரின் என்100 என்பது 6 வாட். ‘யு’ வகையிற் பெரும்பாலானவை 15 வாட். ‘எச்’ வகையிற் பெரும்பாலானவை 45 வாட். கணக்குப் பதியவும் படிவம் நிரப்பவும் முதலாவது போதும். பல வேலைகளை ஒருங்கே செய்வார்க்கு ‘யு’ தகும். கப்பலின் பெரிய வரைபடங்களைத் திரையில் திருப்பிப் பார்க்கும் எஞ்சினீயர்க்கே ‘எச்’ வேண்டப்படும்.

இரண்டாவது காலம். 60 வாட்-மணி கொள்ளும் பாட்டரியிலிருந்து கணினி முழுவதும் 6 வாட் செலவிடுமாயின் 10 மணி நேரம் உழைக்கும். 20 வாட் செலவிடின் 3 மணியிலேயே ஓய்ந்துவிடும். வெயிலிற் படிக்கத் திரையின் ஒளியைக் கூட்டுவதும் செலவே. ஆதலின் 8 மணி நேர ஷிப்டில் நிற்போர்க்கு மிதமான பிராஸஸரே துணையாகும்.

மூன்றாவது இடம். பிராஸஸரின் சூடு ஏறக்குறைய 100 டிகிரியை எட்டின், அது தன்னைக் காக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடு வெளியேறுவதோ உள்ளும் புறமும் உள்ள வெப்ப வேற்றுமையைப் பொறுத்தது. 25 டிகிரி அறையில் அவ்வேற்றுமை 75. 2003 மே மாதத்திற் சென்னை கண்ட 45 டிகிரியில் அது 55 மட்டுமே. எனவே, அறையில் 15 வாட் சூட்டை வெளியேற்றும் உறை, அவ்வெயிலில் ஏறக்குறைய 11 வாட்டையே வெளியேற்றும். தூசிக்கு அஞ்சி மூடிய உறையின் உட்புறம் வெளிக்காற்றும் பாயாது. அத்தகைய உறையில் 45 வாட் பிராஸஸரை வைப்பின், விலை கொடுத்துப் பெற்ற வேகத்திற் பெரும்பகுதி பயன்படாதொழியும்.

குவால்காம் கம்பெனியாரின் ஸ்நாப்டிராகன் எக்ஸ் என்னும் ஆர்ம் வகைப் பிராஸஸர்கள் 2024 முதல் விண்டோஸ் மடிக்கணினிகளில் வருகின்றன. குறைந்த மின்சாரத்தில் நன்கு உழைப்பது இவற்றின் சிறப்பு. பழைய மென்பொருள்கள் பலவற்றையும் இவை தம் மொழிக்குப் பெயர்த்து இயக்கும். ஆனால் எடைமேடை, எஞ்சின் சோதனைக் கருவி போன்றவற்றை இணைக்கும் டிரைவர்கள் ஆர்முக்கென்றே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அன்றேல் அக்கருவிகள் இயங்கா. இதனை விசாரியாது வாங்குதல் கூடாது.

ஆகவே, வாங்குமுன் தம் மென்பொருளை ஏற்றி, தம் கருவிகளை இணைத்து, தொழில் நிகழும் இடத்திலேயே நண்பகலில் ஒரு மணி நேரம் இயக்கிப் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிட வேகத்தையும் இறுதி ஐந்து நிமிட வேகத்தையும் ஒப்பிடின், எந்த விளம்பரமும் கூறாத உண்மை புலப்படும்.

நம் மாணவருட் பலர் பிற்காலத்தில் பிறர்க்குக் கருவி வாங்கித் தரும் பொறுப்பில் அமரக்கூடும். அப்பொழுது நாம் இருப்பது குளிர்ந்த அறை. கருவியை ஏந்துவோர் நிற்பது வெயில். லாரிகள் வரிசையாய்க் காத்திருக்கையிற் கணினி தயங்குமாயின், ஏச்சுக் கேட்பவர் அதனைத் தேர்ந்தவரல்லர், கையில் வைத்திருப்பவரே. அவரையும் உடன் வைத்துக்கொண்டு தேர்வதே முறையாகும்.