எந்த நிலத்தை முதலில் வாங்குவது?

மனை வாங்கக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர் பெரும்பாலும் விலையிலிருந்தே பேச்சைத் தொடங்குவார். காட்டுயிர்களைக் காக்க நிலம் வாங்குவோருக்கு விலை கடைசிக் கேள்வியாகவே இருத்தல் வேண்டும். இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஓர் அறக்கட்டளையிடம் 1 கோடி ரூபாய் உள்ளது. காட்டிலிருந்து விலகிய தரிசு நிலம் ஏக்கர் 2 லட்சம் வீதம் 50 ஏக்கர் கிடைக்கிறது. இரு காடுகளுக்கு இடையே யானைகள் கடந்து செல்லும் நிலமோ ஏக்கர் 10 லட்சம். அதே தொகைக்கு 10 ஏக்கரே கிடைக்கும். எதை வாங்குவது?

மூன்று கேள்விகள் விடை தரும்.

1. ஈடு உண்டா? இந்நிலம் கைவிட்டுப் போனால் அதன் பணியை வேறு நிலம் செய்ய இயலுமா?

2. அவசரம் உண்டா? கட்டடமோ வேலியோ விரைவில் எழக்கூடுமா? ஆபத்தில்லாத நிலம் காத்திருக்கலாம்.

3. கைகூடுமா? உரிமையாளர் மனமுவந்து விற்கிறாரா? பத்திரமும் வில்லங்கச் சான்றும் தெளிவாக உள்ளனவா? அங்கு வாழ்வோரின் உரிமைகள் என்ன?

இம்மூன்றுக்கும் அளிக்கும் மதிப்பெண்களைக் கூட்டாமல் பெருக்கிப் பார்ப்பது நன்று. ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியமே. தரிசு நிலம் முதற்கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. தேறிய நிலங்களுக்குள் மட்டுமே விலையை ஒப்பிட வேண்டும்.

நடைமுறையிலும் இதற்குச் சான்று உண்டு. வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இந்தியாவில் 88 யானை வழித்தடங்களை அடையாளம் கண்டது. சூழலியல் முக்கியத்துவம், பாதுகாக்க இயலும் வாய்ப்பு ஆகிய இரண்டையும் கொண்டு அவை வரிசைப்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று கேரளத்தின் வயநாட்டிலுள்ள திருநெல்லி–குத்ரகோட்டு வழித்தடம். அங்கு அந்நிறுவனம் வாங்கிய நிலம் சிறியதுதான். ஆயினும் இரு காடுகளை இணைக்கும் இடத்தில் அது அமைந்திருந்தது. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் தம் விருப்பத்தின் பேரில் மாற்று நிலமும் வீடும் பெற்று இடம்பெயர்ந்தன. பின்னர் நிலம் கேரள வனத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதில் நாம் கருத வேண்டிய செலவொன்று உண்டு. கிரயத் தொகை நிலத்துக்கு மட்டுமே ஈடாகும். தலைமுறையாய் வாழ்ந்த வீட்டுக்கும் வயலுக்கும் ஆகாது. மறுவாழ்வுச் செலவும் தொடர் பராமரிப்புச் செலவும் தொடக்கத்திலேயே திட்டத்தில் இடம்பெறாவிடில், யானைக்கு வழி திறந்து ஏழைக்கு வழி அடைத்ததாகிவிடும்.

இத்தகைய பணிக்கு நன்கொடை அளிக்க விரும்பும் வாசகர்கள், எத்தனை ஏக்கர் வாங்கினீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், ஏன் அந்த ஏக்கர், அங்கிருந்தோர் இன்று எங்கே என்றும் கேட்க வேண்டும்.