பழைய சித்திரக் கதைகளுக்கு மறுபிறவி தேவையா?

கடந்த சில ஆண்டுகளாகப் பழைய சித்திரத் தொடர்களைத் தூசி தட்டி மீண்டும் வெளியிடும் வேலை உலகெங்கும் நடந்து வருகிறது. அமெரிக்காவில் டாம் அண்டு ஜெர்ரிக்கு 2021-ல் புதிய திரைப்படம் எடுத்தார்கள். 1993-ல் வந்த ராமாயணக் கார்ட்டூன் படம் முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரி 24 அன்று நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. சிவகாசியிலோ முத்து, லயன் காமிக்ஸ்கள் 2012 முதல் புது மெருகோடு வந்துகொண்டிருக்கின்றன. இது தேவையான வேலைதானா, தேவை என்றால் அதை எப்படிச் செய்வது முறை என்பதை வாசக அன்பர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மறு வெளியீடு வேறு, மறு தயாரிப்பு வேறு. மாட்டுங்காவில் 1915 முதல் இயங்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பை நம்மவர்கள் எல்லோரும் அறிவார்கள். அங்கே பி.ஓ.எச். என்று ஒரு வேலை உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு பெட்டியை உள்ளே கொண்டுவந்து, போகியிலிருந்து தூக்கி, சக்கரம், அச்சு, பிரேக் எல்லாவற்றையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, பெயிண்ட் அடித்து வெளியே அனுப்புவார்கள். பெட்டியின் எண் மாறாது. அது அதே பெட்டிதான். இனி உதவாது என்று கண்டம் செய்த பெட்டியின் எண்ணைப் புதுப் பெட்டிக்கு எழுதி ஓட்டுகிற வழக்கம் ரயில்வேயில் கிடையாது. சித்திரக் கதை உலகில் அந்த வழக்கம் தாராளமாக இருக்கிறது. பெயர் பழையது, உள்ளே இருப்பது வேறு. நான் ஆதரிப்பது பி.ஓ.எச். வகையை மட்டுமே.

தமிழில் இதற்கு நல்ல உதாரணம் இரும்புக்கை மாயாவி. இவர் பிறந்த ஊர் லண்டன். 1962-ல் வேலியண்ட் என்ற வார இதழில் ‘ஸ்டீல் கிளா’ என்ற பெயரில் தொடங்கிய தொடர் அது. படம் வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின் நாட்டு ஓவியர். சோதனைக்கூட உதவியாளரான லூயிஸ் கிராண்டேலுக்கு ஒரு கை இல்லை. அதற்குப் பதில் இரும்புக்கை. மின்சாரம் தாக்கினால் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். இந்தக் கதையைத்தான் 1972 ஜனவரியில் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாகத் தமிழில் கொண்டுவந்தது. ஆங்கிலேயர்களே பெரும்பாலும் மறந்துவிட்ட ஒருவரைத் தமிழ்ப் பையன்கள் தங்கள் சொந்தக்காரர் போல வைத்துக்கொண்டார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு பம்பாய் திரும்பும் பிள்ளைகளின் பெட்டியில் முறுக்கு டப்பாவுக்குக் கீழே இரண்டு மாயாவி புத்தகங்கள் இருந்த காலம் ஒன்று உண்டு. ஒரு புத்தகம் தாராவியில் ஒரு சால் முழுவதும் சுற்றி வந்து, கடைசியில் அட்டை இல்லாமல் நிற்கும்.

இந்தப் பழைய இதழ்களை அப்படியே போட்டோ எடுத்து அச்சடித்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. அதற்கு ஒரு திட்டமான காரணம் இருக்கிறது. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, 13 எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறு, பிறகு ணை, லை, ளை, னை. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ‘இல்லை’, ‘தலை’ என்ற சொற்களில் வரும் லைக்கு மேலே யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும். ‘ஆனால்’ என்ற சாதாரணச் சொல்லில் வரும் னா ஒரே சுழியாக இருக்கும். நாம் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடுவோம். இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அது வேறு மொழி. பக்கத்துக்கு நாலு இடத்தில் தடுக்கி விழுந்தால் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிடும். ஆகவே படத்தைத் தொடாமல், பலூனுக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் புதிதாகக் கோத்தாக வேண்டும். தேய்ந்த சக்கரத்தை மாற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான். மொழிநடையில் கைவைக்க வேண்டாம். மாயாவி எழுத்துத் தமிழில்தான் பேசுவார். வீட்டில் பேச்சுத் தமிழும், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் நம் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் காதில் விழும் வழியே குறைவு.

இன்னொரு விஷயத்தை, மின்சாரத்தோடு பழகியவன் என்ற முறையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாயாவி மின்கம்பியைப் பிடித்தால் மறைந்து போவார். பம்பாயில் 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.க்கும் குர்லாவுக்கும் இடையே முதல் மின்சார ரயில் ஓடியபோது மேல்கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் டி.சி. படிப்படியாக மாற்றி, 2016-ல் ஹார்பர் பாதையும் முடிந்தபோது மும்பை புறநகர் முழுவதும் 25,000 வோல்ட் ஏ.சி. ஆகிவிட்டது. இந்த மின்சாரத்துக்குக் கம்பியைத் தொட வேண்டும் என்ற அவசியமே இல்லை. போதிய இடைவெளி இல்லாமல் அருகில் போனாலே தாவிப் பிடித்துவிடும். பெட்டிக் கூரைமேல் ஏறி உயிரை விட்ட பையன்கள் பலரும் கம்பியைத் தொட்டவர்கள் அல்லர். அதற்காக மாயாவியைப் பேட்டரியில் இயங்குபவராக மாற்றிவிடலாமா? கூடாது. மாற்றினால் கதையே இல்லை. முதல் பக்கத்தில் இரண்டு வரி எழுதிச் சேர்த்தால் போதும். அதையும் பயமுறுத்தும் பாணியில் எழுதாமல், 25,000 வோல்ட் என்றால் என்ன என்று விளக்கி எழுதினால் பிள்ளைகள் அதையும் கதை போலவே படிப்பார்கள்.

2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற இதழ் வழவழப்பான தாளில் வண்ணத்தில் 100 ரூபாய்க்கு வந்தது. அச்சு அருமை. சிவகாசிக்காரர்களுக்கு அச்சைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஆனால் நான் பார்த்தவரையில் இதையெல்லாம் ஆவலாக வாங்குகிறவர்கள் நரை கண்டவர்கள். அலமாரியில் வரிசையாக அடுக்கி, பேரன் கைப்பட்டால் கசங்கிவிடும் என்று கண்ணாடிக் கதவைப் பூட்டுகிறார்கள். இது அவர்கள் பணம், அவர்கள் சந்தோஷம், குறை சொல்லவில்லை. ஆனால் பழைய தொடருக்கு உயிர் வந்ததா என்று கேட்டால், பூட்டிய அலமாரிக்குள் உயிர் ஏது? தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியும், 100 ரூபாய் கிடையாது. செம்பூரில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு 100 ரூபாய் உண்டு, தமிழ் படிக்கத் தெரியாது. மறு வெளியீட்டாளர் யோசிக்க வேண்டியது இந்த இரண்டு பிள்ளைகளையும்தான். சாதாரணத் தாளில், கறுப்பு வெள்ளையில், சற்றுப் பெரிய எழுத்தில் ஒரு மலிவுப் பதிப்பு வந்தால் இருவருக்கும் உதவும்.

இனி, படிப்பதை விட்டுப் பார்ப்பதற்கு வருவோம். இந்தியக் கார்ட்டூன் படத்துக்குத் தொட்டில் நம் மும்பைதான். 1956-ல் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்த ராம் மோகன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் என்பவரிடம் இங்கேயே தொழில் கற்றார். 2019-ல் மறையும்வரை அந்தத் துறையின் மூத்தவராக இருந்தார். ஜப்பானியரான யுகோ சாகோவோடு சேர்ந்து அவர் இயக்கியதுதான் நான் முதலில் சொன்ன ராமாயணப் படம். 1993-ல் எடுத்தபோது அது ஆங்கிலத்தில் பேசியது. பிறகு வந்த இந்திப் பதிப்பில் ராமருக்கு அருண் கோவிலும் ராவணனுக்கு அம்ரீஷ் புரியும் குரல் கொடுத்தார்கள். 2025-ல் படத்தைத் துலக்கி, இந்தி, தமிழ், தெலுங்கில் புதிதாகக் குரல் சேர்த்து வெளியிட்டார்கள். அந்தப் பழைய குரல்கள் இல்லையே என்று இந்தி ரசிகர்களில் பலர் வருந்தினார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. நமக்கோ லாபம், படம் தமிழும் பேசுகிறது. ஓவியங்களைக் கம்ப்யூட்டரில் புதிதாக வரையாமல், கையால் வரைந்த பழைய படங்களையே சுத்தம் செய்து காட்டியது மிகச் சரியான வேலை. பி.ஓ.எச். என்றால் இதுதான்.

காலத்துக்கு ஏற்ப மாற்றுவதே கூடாதா என்றால், அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. 1964 முதல் 1990 வரை டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இங்கே வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் வேதாளன் வாழும் காட்டின் பெயர் ‘பெங்காலி’ என்பதிலிருந்து ‘டெங்காலி’ ஆனது. ‘சிங்’ கடற்கொள்ளையர் ‘சிங்கா’ ஆனார்கள். நம் நாட்டு வங்காளிகளும் சிங்குகளும் முகம் சுளிப்பார்களே என்ற முன்யோசனை. கதைக்கு ஒரு சேதமும் இல்லை. இவ்வளவு சிறிய மாற்றம் எனக்குச் சம்மதமே.

ஆனால் மாற்றவும் முடியாமல், மறைக்கவும் முடியாமல் சில சித்திரங்கள் உண்டு. நாமே அதற்குச் சாட்சி. 1960-ல் பால் தாக்கரே தொடங்கிய மார்மிக் ஒரு கார்ட்டூன் வார இதழ். அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, ‘மதராஸி’களுக்கு எதிரான உணர்வை வளர்த்தது அந்த இதழ்தான். 1966-ல் சிவசேனை பிறந்தது அந்தச் சூட்டில். மாட்டுங்கா உடுப்பி ஓட்டல்காரர்கள் அந்தக் காலத்தைப் பற்றி இன்றும் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். அந்தச் சித்திரங்களை நாளை யாராவது தொகுத்து வெளியிட்டால் நாம் என்ன சொல்வது? எரிக்கச் சொல்லக் கூடாது, திருத்தி வெளியிடச் சொல்லவும் கூடாது என்பது என் கருத்து. திருத்தினால் நம்மைக் கேலி செய்ததற்கே அத்தாட்சி போய்விடும். ஆண்டையும் சூழ்நிலையையும் பக்கத்தில் எழுதி, உள்ளபடியே வெளியிடட்டும். குழந்தைகளுக்கான வரிசையில் மட்டும் வேண்டாம்.

இதே ஊரில் சுப்பாண்டியும் இருக்கிறான். 1983-ல் டிங்கிள் இதழில் வந்த இந்தப் பாத்திரத்துக்கு மூலம் திருச்சி வாசகர் ஒருவர் எழுதி அனுப்பிய கதைகள். ராம் வயீர்கர் என்ற மராத்தி ஓவியர் உருவம் கொடுத்தார். அவருக்குப் பின் அவர் மகள் வரைகிறார். நாற்பது ஆண்டுகளாக நிற்காமல் ஓடுவதால் இவனுக்கு மறுபிறவியே தேவைப்படவில்லை. தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவைப் போல. தமிழ்ப் பெயருள்ள ஒரு முட்டாளைப் பார்த்து நாடே சிரிக்கிறதே, இது கேலி ஆகாதா என்று நம் நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுப்பாண்டி முட்டாளாக இருப்பது அவன் தமிழன் என்பதால் அல்ல. எஜமானர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்வதால். இப்படிப்பட்டவர்கள் எல்லா மாநிலத்திலும் உண்டு, ரயில்வேயிலும் உண்டு. மேலும், கதையைத் தந்தவர் தமிழர். நம்மை நாமே கேலி செய்துகொள்வதற்கும் பிறர் செய்வதற்கும் வித்தியாசம் இல்லையா?

ஒரு வேண்டுகோளும் உண்டு. 1978-க்கு முந்தைய முத்து காமிக்ஸ் அன்பர்கள் வீட்டுப் பரணில் இருந்தால், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்குப் போட்டுவிடாமல் சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். பழைய லை, ளை, னா வரும் பக்கங்களில் நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, புது எழுத்தில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்து, தமிழ் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசிப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.