எப்படி வந்தது? – நாலாம் நம்பர் காற்று

கேள்வி: என் பழைய காரில் ஏர்கோன் விசிறி 1, 2, 3-இல் அசையவே மாட்டேன் என்கிறது. 4-இல் வைத்தால் புயல். மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் பொமன். இந்தக் குமிழை இப்படிச் செய்து வைத்தது யார்?
– வாசகர், புந்தோங், ஈப்போ

பதில்: அவசரப்படாதீர்கள். 4-இல் புயலாகச் சுற்றும் மோட்டார் செத்த மோட்டார் அல்ல. முதலில் ரெசிஸ்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

பேட்டரி மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் விசிறி மோட்டாருக்கு ஒரே வேகம்தான், முழு வேகம். மெதுவாகச் சுற்ற வேண்டுமானால் மின்சாரத்தை வழியிலேயே இழுத்துப் பிடிக்க வேண்டும். ரெசிஸ்டரின் கம்பிச் சுருள்களுக்கு அதுதான் வேலை. 1-இல் எல்லாச் சுருளையும் கடந்து மின்சாரம் போகிறது. 2, 3 என்று ஏற ஏறச் சுருள் குறைகிறது. 4-இல் சுருளே கிடையாது, நேர்வழி. அதனால்தான் மற்றவை போன பிறகும் நாலு மிஞ்சுகிறது. 1 மட்டும் போயிருந்தால் ஒரு சுருள் அறுந்திருக்கலாம். மூன்றும் சேர்ந்து போயிருப்பதால், சுருள்களோடு இருக்கும் சின்ன வெப்பப் பியூஸ் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

மின்சாரத்தை இழுத்துப் பிடித்தால் சூடு கிளம்பும். அதை ஆற்றத்தான் ரெசிஸ்டரை விசிறியின் காற்றுப் பாதையிலேயே பொருத்துகிறார்கள். நம்மூரில் ஓடும் ஜப்பானிய வகைக் கார்கள் பலவற்றில், இடப்பக்கம் உட்காருகிறவரின் முழங்காலுக்கு எதிரே, டாஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் இருக்கும். பெரும்பாலும் இரண்டே திருகாணி. கழற்றியதும் வயர் சொருகும் சாக்கெட்டைப் பாருங்கள். ஒரு துளை மட்டும் பழுப்பேறி உருகியிருந்தால் சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். புது ரெசிஸ்டரை உருகிய சாக்கெட்டில் சொருகுவது வீண் செலவு.

புதியதும் சீக்கிரமே எரிந்தால், பொமன் சொன்னது ஓரளவு சரி. மோட்டார் இறுகிப்போய் அதிக மின்சாரம் குடிக்கிறது, இல்லையென்றால் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. பால்மரத்தடியில் காரை நிறுத்துகிறவர்கள், மரம் இலை கொட்டும் மாதங்களில் முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள சல்லடையையும் கேபின் பில்டரையும் பார்ப்பது நல்லது.

யார் செய்தது என்றா கேட்டீர்கள்? கம்பெனியிலிருந்தே ஏர்கோனோடு வந்த முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்டு. 1939-இல் அறிமுகமாகி 1940 மாடலில் விற்பனைக்கு வந்தது. குளிர்பெட்டி பின்னால், சாமான் வைக்கும் இடத்தில். கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! பணக்காரர்களே சலித்துப்போனார்கள் போலும், 1941-க்குப் பிறகு அந்த வசதி இல்லை. சூடு, குளிர், காற்று மூன்றையும் காரின் முன்பக்கத்திலேயே சேர்த்து, கட்டுப்பாட்டை டாஷ்போர்டில் வைத்தது 1954-இன் நாஷ். கெல்வினேட்டர் ஐஸ்பெட்டிக் கம்பெனியோடு சேர்ந்திருந்த நிறுவனம் அது. குளிரைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? 1964-இல் கெடிலாக் இன்னும் ஒரு படி போனது: வேண்டிய வெப்பநிலையை வைத்தால் போதும், மிச்சத்தைக் காரே பார்த்துக்கொள்ளும். அது கெட்டால் எங்கே கெட்டது என்று தேடுவது பெரும்பாடு. உங்கள் குமிழில் காது கொடுத்துக் கேட்டாலே பாதி விடை வந்துவிடுகிறது. என் ஓட்டு குமிழுக்குத்தான்.

கேள்வி: ஏர்கோன் வருமுன் தோட்டத்துத் துரைமார் வண்டியில் காற்றுக்கு என்ன செய்தார்கள்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஜன்னலோரம் திரும்பும் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருந்தது; வெளிக்காற்றை முகத்துக்குத் திருப்பிவிடும். பழைய லேண்ட்ரோவர்களில் முன் கண்ணாடிக்குக் கீழே இரண்டு தகரக் கதவுகள், பூச்சி வராமல் வலை. காற்றோடு செம்மண் தூசும் தாராளமாக வந்தது. ரிப்பேர் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: நம் தோட்டத்து ரப்பர் ஏர்கோனில் இருக்கிறதா?
– வாசகர், கோல கங்சார்

பதில்: 1877-இல் ரப்பர் கன்று நட்ட ஊரிலிருந்து கேட்கிறீர்கள், ஆனாலும் பதில் ஏமாற்றம்தான். ஏர்கோன் குழாய் மூட்டுகளில் கம்ப்ரசர் எண்ணெய் ஓடும். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஆகவே அங்கே நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர் வளையங்கள்தான். நம் பால், டயருக்குப் போகிறது.

கேள்வி: சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது கண்ணாடி மங்குகிறது. ஹீட்டர் போடச் சொல்கிறார்கள். நம் கார்களில் ஹீட்டர் உண்டா?
– வாசகர், கம்பார்

பதில்: இங்கே விற்ற சிறிய கார்கள் பலவற்றில் இல்லை. குமிழ் குறைந்த குளிரிலிருந்து அதிகக் குளிருக்குப் போகும், அவ்வளவே. 1989-இல் பிரிட்டனுக்குப் போன புரோட்டோனுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. தாப்பாவுக்கும் தைப்பிங்குக்கும் ஓடுகிற காருக்கு எதற்கு?

மங்கினால் முதலில் வைப்பரைப் போடுங்கள். துடைபட்டால் ஈரம் வெளியே. கண்ணாடி அதிகம் குளிர்ந்துவிட்டது, ஏர்கோன் குளிரைக் குறையுங்கள். துடைபடாவிட்டால் ஈரம் உள்ளே; ஏர்கோனைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடும் நெம்புகோலை வெளிக்காற்றுப் பக்கம் தள்ளுங்கள். ஏர்கோன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். தள்ளியும் மாற்றம் இல்லையென்றால், உள்ளே கதவை இழுக்கும் கேபிள் கழன்றிருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கார் என்றால் கதை வேறு. அதில் எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் ஓடும் ஹீட்டர் பெட்டி இருக்கும். கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம், இனிப்பு வாசனை, காலடி கம்பளத்தில் ஈரம் என்றால் அது ஒழுகுகிறது. வாசனை இல்லாத தெளிந்த தண்ணீர் என்றால் ஏர்கோன் வடிகுழாய் அடைப்பு, ஊதிவிட்டால் போதும். ஹீட்டர் ஒழுகினால், எஞ்சினிலிருந்து உள்ளே போகும் இரண்டு குழாய்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். கார் வழக்கம்போல ஓடும்.