ரிமோட் செல் விற்பனையில் கவனிக்க வேண்டியவை

டி.வி., செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரே யுனிவர்சல் ரிமோட் வைத்திருப்போர் உண்டு. அது வேலை செய்யாவிட்டால் பழி செல் விற்ற நம் மீதுதான் விழும். ஆகவே விற்கும்போதே நாம் சொல்லி அனுப்ப வேண்டியவை:

1. இரண்டு செல்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதைப் புதியதோடு கலந்தால், பழையது சீக்கிரம் தீர்ந்து, கசிந்து, ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

2. சில ரிமோட்களில் செல்லைக் கழற்றினால் பதிந்த கோடு எண் அழிந்துவிடும். அதை மூடியின் உட்புறம் எழுதி வைப்பது நல்லது.

3. வெகுநாள் வெளியூர் போனால் செல்லைக் கழற்றி வைக்க வேண்டும்.

பழுது என்று வந்தால், ரிமோட்டின் முனையை செல்போன் கேமரா முன் நீட்டி பட்டனை அழுத்துவோம். பல கேமராக்களில் அதன் ஒளி திரையில் மின்னும். மின்னினால், கோடு எண்ணைச் சரிபார்க்கச் சொல்லலாம்.

நாமும் அட்டையிலுள்ள தேதி பார்த்தே கொள்முதல் செய்வோம். செல்லில் கிடைப்பது சில்லறை லாபம். வாடிக்கையாளரின் நம்பிக்கையே நமக்கு முதல்.